பட்டன் ஐந்து: கேமரா ஹவுசிங்கில் ஒழுக்குத் தேடிய கதை

தண்ணீர் ஏறியபோது நான் 3 மீட்டர் ஆழத்தில்தான் இருந்தேன். புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து ஃபைபர் படகில் போய், 18 மீட்டர் அடியில் கிடக்கும் ஒரு செயற்கைப் பாறைத்திட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு கையில் நங்கூரக் கயிறு, மறுகையில் மூக்கு. காது அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் தொங்கிய கேமரா ஹவுசிங்கின் (கேமராவைத் தண்ணீர் படாமல் வைக்கும் பெட்டி) மூடி ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக மேலே போயின. இடுக்குகளில் மாட்டிய காற்று முதல் நிமிடத்தில் இப்படி வெளியேறுவது உண்டு, அதுதான் என்று நினைத்து இன்னும் 2 மீட்டர் இறங்கினேன். குமிழி நிற்கவில்லை. ஹவுசிங்கைத் தூக்கிப் பார்த்தால், பின்கண்ணாடிக்கு உள்ளே ஒரு சின்னக் குளம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

எவ்வளவு பதறினாலும் மேலே பாய்ந்து வரக் கூடாது. கேமராவைவிட நுரையீரல் விலை அதிகம். துணைக்கு வந்தவருக்குக் கைகாட்டிவிட்டு, மெதுவாகவே ஏறினேன். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் கேமரா உப்புநீரில் வெந்துவிட்டது.

அறைக்குத் திரும்பி மூடியைத் திறந்தபோது குற்றவாளி அங்கேயே படுத்திருந்தார். மூடி ஓரத்தை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் மேல் குறுக்காக, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில், காவி நிறத்தில் ஒரு நூல். காலையில் படகிலேயே பேட்டரி மாற்றி, கையில் கிடைத்த காசித்துண்டால் ஓரத்தைத் துடைத்து மூடியவன் நான்தான்.

அம்மா போனில் அரிசி டப்பாவுக்குள் போடச் சொன்னார். அரிசி ஈரத்தை வேண்டுமானால் கொஞ்சம் இழுக்கும். சர்க்யூட் பலகையில் காய்ந்து உட்காரும் உப்பை என்ன செய்யும்? பேட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றிக் காயவைத்துப் பார்த்தேன். பிழைக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் ஏறிய ஹவுசிங்கை முகத்துக்கு நேராக வைத்துத் திறக்காதீர்கள். உப்புநீரில் மின்சாரம் பாய்ந்தால் வாயு உண்டாகும், உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம். நனைந்த லித்தியம் பேட்டரியை வீட்டுக்குள் வைக்கவும் வேண்டாம்.

அன்று இரவெல்லாம் என்னைக் குடைந்த கேள்வி வேறு. அதே ஹவுசிங் முந்தைய மாதம் 18 மீட்டர் போய்ச் சொட்டு நீர் இல்லாமல் வந்தது. 3 மீட்டரில் ஏன் ஒழுகியது?

விடை குக்கரில் இருக்கிறது. உள்மூடிக் குக்கரை அடுப்பில் வைத்தால், ஆரம்பத்தில் மூடியின் ஓரமாகப் புஸ்ஸென்று கொஞ்சம் ஆவி கசியும். உள்ளே அழுத்தம் ஏற ஏற அதுவே மூடியைக் கேஸ்கட்டோடு சேர்த்து விளிம்பில் அழுத்தும், கசிவு நின்றுவிடும். ஹவுசிங் என்பது உள்ளதை வெளியே திருப்பிய குக்கர். அழுத்தம் வெளியிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஓ-ரிங், மூடி போட்டதும் தன் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு போல நசுங்கிக்கொள்ளும். தண்ணீர் அதைப் பள்ளத்தின் உள்சுவரோடு ஒட்டித் தள்ளத் தள்ள அடைப்பு இன்னும் இறுகும். கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் ஓ-ரிங்கை இறுக்க நல்ல ஆள்பலம் இருக்கிறது. ஒரு மீட்டரில் அதில் பதினெட்டில் ஒரு பங்குதான். அங்கேதான் ஒரு முடி, ஒரு மணல், ஒரு காசித்துண்டு நூல் தன் பக்கத்தில் வழி வைத்துக்கொண்டு படுத்திருக்க முடிகிறது. ஒருமுறை வழி கிடைத்துவிட்டால், அப்புறம் ஆழம் தண்ணீரைத்தான் தள்ளும். படகில் கேமரா அலசும் பக்கெட்டில், முழங்கால் ஆழத் தண்ணீரில், ஹவுசிங்குகள் நிறைந்துபோவதும் இதனால்தான்.

ஆக, என் பயம் தப்பான இடத்தில் இருந்திருக்கிறது. ஆழத்தைப் பார்த்துப் பயந்தேன். மூடும் மேசையைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும். அப்படியென்றால் மேசையிலேயே, தண்ணீர் படும் முன்பே, ஒழுக்கைக் கண்டுபிடித்தாக வேண்டும். அடுத்த ஆறு மாத வேலை இங்கிருந்துதான் தொடங்கியது.

அந்தமானில் முக்குளிப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் ஊர் திரும்பும்போது விற்ற பழைய அலுமினிய ஹவுசிங் ஒன்றை வாங்கினேன். மிரர்லெஸ் கேமராவுக்கானது. மொத்தம் 14 பட்டன்களும் திருகுகளும். மேல்பக்கம் ஃபிளாஷ் கேபிளுக்காக விட்ட 14 மில்லிமீட்டர் துளை ஒன்று, பயன்படாமல் ஒரு மூடித்திருகோடு இருந்தது. அந்தத் துளைக்காகத்தான் வாங்கினேன் என்றே சொல்லலாம்.

முதலில் சுத்தம். பெரிய ஓ-ரிங்கைக் குண்டூசியால் நெம்பி எடுக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. ரிங்கில் கீறல் விழுந்தால் ரிங் மட்டும் போகும். பள்ளத்தின் அலுமினியத்தில் விழுந்தால் ஹவுசிங்கே போகும். இரண்டு விரலை ரிங்கின் மேல் ஓர் அங்குல இடைவெளியில் வைத்து ஒன்றை நோக்கி ஒன்றாகத் தள்ளினால் நடுவே ஒரு வளையம் எழும்பும். அதைப் பிடித்து உருவிவிடலாம். எழும்பாவிட்டால் பழைய ஏ.டி.எம். அட்டையின் மழுங்கிய மூலை போதும். பள்ளத்தைத் துடைக்கக் காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்தேன், பத்து நொடியில் கீழே வைத்தேன். அதுவும் நூல் விடுகிறது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியை ஒரு பிளாஸ்டிக் பட்டையில் சுற்றித் துடைத்தேன். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் ரிங்கை முழுச் சுற்று தடவினேன். கண் விட்டதை விரல் பிடிக்கும். இரண்டு மணல் துகள் அப்படித்தான் கிடைத்தன.

கிரீஸ் விஷயத்தில் ஒரு தப்பான எண்ணம் எனக்கும் இருந்தது. கிரீஸ்தான் தண்ணீரைத் தடுக்கிறது என்று நினைத்து, இட்லித் தட்டில் எண்ணெய் தடவுவதுபோல் தாராளமாகப் பூசிக்கொண்டிருந்தேன். தடுப்பது ரப்பரின் நசுங்கல் மட்டும்தான். கிரீஸ், ரிங் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்கார உதவுகிறது, அவ்வளவே. அதிகம் பூசினால் தூசியும் முடியும் ஒட்டிக்கொள்ளும். முழு ரிங்குக்கும் கடுகளவு நாலைந்து போதும். விரலில் உருவினால் பளபளப்பு தெரிய வேண்டும், வெள்ளைத் திட்டு தெரியக் கூடாது. கறுப்பு நைட்ரைல் ரப்பர் ரிங் என்றால் சிலிக்கோன் கிரீஸ் சரி. ரிங்கே சிலிக்கோன் ரப்பர் என்றால் சில சிலிக்கோன் கிரீஸ்கள் அதை ஊதவைத்துவிடும். அந்த ஹவுசிங்கோடு வந்த கிரீஸைத் தவிர வேறு தொடாமல் இருப்பது நல்லது. வாஸ்லின் வேண்டவே வேண்டாம்.

இப்போது சோதனை. உள்ளேயிருக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெளிக்காற்று திரும்ப உள்ளே நுழைகிறதா என்று பார்ப்பதுதான் முறை. காற்று நுழைய வழி இருந்தால் தண்ணீருக்கும் இருக்கும். கூடுதலாக ஒரு லாபமும் உண்டு. என் ஹவுசிங்கின் மூடி 15க்கு 18 சென்டிமீட்டர். அந்த ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 200 மில்லிபார் அழுத்தத்தைக் குறைத்தால் வெளிக்காற்று அதன்மேல் ஏறக்குறைய 55 கிலோ எடையோடு உட்காருகிறது. 2 மீட்டர் ஆழத்தில் கிடைக்கும் இறுக்கம், மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. ஆபத்தான முதல் மீட்டர்களைக் கரையிலேயே கடந்துவிடுகிறோம். படகில் யாராவது தாழ்ப்பாளைத் தட்டிவிட்டாலும் மூடி அசையாது.

வேடிக்கை என்னவென்றால், தண்ணீருக்கடியில் முதன்முதலில் படமெடுத்தவர்களில் ஒருவரான லூயி பூதான் இதற்கு நேரெதிராக யோசித்தார். 1893ல் பிரான்சின் பன்யூல்ஸ் கடலில் அவர் இறக்கிய கேமராப் பெட்டியோடு காற்றடைத்த ரப்பர் பை ஒன்று இணைந்திருந்தது. ஆழத்தில் தண்ணீர் பையை நசுக்கும். பையின் காற்று பெட்டிக்குள் போய் உள்ளேயும் வெளியேயும் அழுத்தத்தைச் சமமாக்கும். தள்ளுவதற்கு ஆளே இல்லாவிட்டால் தண்ணீர் ஏன் உள்ளே வரப்போகிறது? இன்றைய ஓ-ரிங் அப்போது கிடையாது.

வால்வை மட்டும் நான் செய்யத் துணியவில்லை. ஒருவழி வால்வும் மேலே ஓ-ரிங் வைத்த தொப்பியும் கொண்ட 14 மில்லிமீட்டர் திருகு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். பம்புக்குச் சென்னையில் வண்டி உதிரிபாகம் விற்கும் ஜி.பி. ரோடு போனேன். பிரேக் ஆயிலில் காற்றை உறிஞ்சி எடுக்கும் கைப்பம்பு அங்கே கிடைக்கும். கடைக்காரர் "எந்த வண்டிக்கு சார்?" என்று கேட்டார். கேமராவுக்கு என்றேன். பம்பையும் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பில் போட்டார். அதன் டயல் பாதரச அங்குலக் கணக்கில் இருந்தது. 6 அங்குலம் என்பது ஏறக்குறைய 200 மில்லிபார். அதற்குமேல் நான் இழுப்பதில்லை.

டயலில் முள் நகர்கிறதா என்று மணிக்கணக்கில் பார்ப்பது முடியாத காரியம். முள்ளின் தடிமனே 10 மில்லிபாருக்குச் சமம். அதனால் மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெரு. பி.எம்.பி.280 என்ற அழுத்தமானிச் சில்லு ஒன்று, நிரல் எழுதி ஓட்டக்கூடிய குட்டிச் சர்க்யூட் பலகையான 3.3 வோல்ட் ஆர்டுயினோ ப்ரோ மினி ஒன்று, சிவப்பு-பச்சை எல்.இ.டி., குட்டி பஸ்ஸர், இரண்டு சின்ன ஏ.ஏ.ஏ. பேட்டரி போடும் பெட்டி. அந்தச் சென்சார் 300 முதல் 1100 மில்லிபார் வரை அளக்கும், கூடவே வெப்பநிலையும் சொல்லும். இந்த வெப்பநிலைதான் பிற்பாடு என் மானத்தைக் காப்பாற்றப்போகிறது என்று அப்போது தெரியாது. ப்ரோ மினியில் சும்மா எரிந்துகொண்டிருக்கும் பவர் விளக்கைச் சூடுவைத்து எடுத்துவிட்டால் பேட்டரி நாள்கணக்கில் வரும். விளக்கு பின்கண்ணாடி வழியாகத் தெரியும்படி, பலகையை மூடியின் உள்பக்கம் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன்.

அதோடு ஓர் ஈர உணரியும். உறை சீவிய இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று படாமல் அடிப்பகுதியில் ஓட்டி, இரண்டையும் சேர்த்து டிஷ்யூ தாளால் சுற்றினேன். ஒன்று ஆர்டுயினோவின் ஒரு காலுக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு. உப்புநீர் ஒரு துளி பட்டாலும் டிஷ்யூ அதை உறிஞ்சிக் கம்பி இரண்டையும் இணைத்துவிடும், பஸ்ஸர் கத்தும். பக்கெட்டில் கடல்நீர் வேண்டாம், சாம்பார் உப்பு கரைத்த தண்ணீரில் சோதித்தேன். வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

முதல் நிரலில், பம்பு அடித்து முடித்தபோது இருந்த அழுத்தத்தைவிட 20 மில்லிபார் கூடினால் சிவப்பு என்று எழுதியிருந்தேன். புதுச்சேரியில் அறை ஏ.சி.யில் மூடி, உள்ளழுத்தத்தை 800 மில்லிபாருக்கு இறக்கி, பச்சை விளக்கோடு படகு ஏறினேன். முக்கால் மணி நேரம் வெயிலில் போன பிறகு படகோட்டி அண்ணன் கேட்டார், "என்ன தம்பி, சிவப்பா எரியுது?"

பார்த்தால் 835. பதறிப்போய் வால்வைத் திறந்து, காற்றை விட்டு, நடுக்கடலில் மூடியைக் கழற்றி ரிங்கைப் பார்த்தேன். நெற்றி வியர்வை ஒரு சொட்டு ரிங்குக்கு அரை அங்குலம் தள்ளி விழுந்தது. ரிங்கில் எதுவும் இல்லை. எதை நம்புவதென்று தெரியாமல் கேமராவைப் படகிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு குதித்தேன். அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

திரும்பி வரும்போது பேருந்தில் கணக்குப் போட்டேன். பள்ளிக்கூட இயற்பியல்தான். அடைத்த காற்றின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலையோடு சேர்ந்தே ஏறும், இறங்கும். ஏ.சி. அறையில் 25 டிகிரி, அதாவது 298 கெல்வின். வெயிலில் கிடந்த கறுப்பு ஹவுசிங்குக்குள் 38 டிகிரி, அதாவது 311. 800ஐ 298ஆல் வகுத்து 311ஆல் பெருக்கினால் 835. ஒரு சொட்டுக் காற்றுகூட நுழையவில்லை! ஒழுக்கே இல்லாத ஹவுசிங்கை ஒழுகுகிறது என்று நினைத்து, நூலும் வியர்வையும் உப்புச்சாரலும் இருக்கிற இடத்தில் நானே திறந்திருக்கிறேன். எச்சரிக்கைக் கருவியே ஆபத்தை இழுத்துவரப் பார்த்தது.

இரண்டாவது நிரலில் அழுத்தத்தை வெப்பநிலையால் வகுத்து வரும் எண்ணை மட்டும் கவனிக்கச் சொன்னேன். 800க்கு 298, 835க்கு 311: இரண்டுமே 2.685. அந்த எண் ஒரு சதவீதம் கூடினால் சிவப்பு. இன்னொரு சின்னத் திருத்தமும் செய்தேன். பம்பு அடித்த உடனே உள்காற்று விரிந்து கொஞ்சம் குளிரும், பிறகு பழைய சூட்டுக்கு ஏறும்போது அழுத்தமும் ஏறும். சென்சார் தன் சூட்டைச் சொல்கிறதே தவிர, பெட்டி முழுவதன் காற்றுச் சூட்டை அல்ல. அதனால் முதல் நிமிடங்களில் எண் கொஞ்சம் ஆடும். பம்பு அடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் அடிப்படை எண்ணைப் பதிவு செய்கிறது. அதுவரை விளக்கு மஞ்சள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் மஞ்சள்தானே.

கருவி பொய் சொல்வது நின்றதும்தான் உண்மை வெளியே வந்தது. வீட்டில் சோதித்தபோது, சூட்டுக் கணக்கைக் கழித்த பிறகும், அரை மணி நேரத்தில் 4 மில்லிபார் ஏறியது. ராத்திரி முழுக்க விட்டுவைத்தேன். காலையில் 855.

4 மில்லிபார் என்றால் சிரிப்பாக இருக்கலாம். கேமரா போக உள்ளே சுமார் இரண்டரை லிட்டர் காற்று; அதில் 4 மில்லிபார் என்பது 10 மில்லிலிட்டர் காற்று, மூக்குச் சொட்டு மருந்துப் புட்டி ஒன்றின் கொள்ளளவு. தண்ணீர் காற்றைவிடப் பிசுபிசுப்பு அதிகம், அதே இடுக்கில் அவ்வளவு வேகமாகப் போகாது. ஆனால் 18 மீட்டரில் தள்ளும் அழுத்தம் என் மேசையில் இருப்பதைப்போல் பத்து மடங்கு. சில சொட்டாவது வரும். கேமரா சாகச் சில சொட்டு போதும்.

எங்கே என்று தேடுவதுதான் உண்மையான வேலை. எல்லோரையும்போல நானும் பெரிய ரிங்கைத்தான் முதலில் பிடித்தேன். புதிது வாங்கிப் போட்டேன், 4 மில்லிபார். லென்ஸ் முன்னால் இருக்கும் போர்ட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், 4 மில்லிபார். வால்வையே சந்தேகித்து, அதன் அடியைச் சுற்றி வெளியிலிருந்து கிரீஸ் அப்பிப் பார்த்தேன். அதே 4. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பஞ்சர் பார்க்கலாமே என்று தம்பி சொன்னான். டியூபில் காற்று வெளியே வருகிறது, குமிழி தெரியும். இங்கே உள்ளே போகிறது, சோப்புத் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். உள்ளே காற்றடித்துப் பார்க்கலாம்தான். ஆனால் ரிங்குகள் எதிர்த்திசையில் தள்ளப்படும். கடலில் நடக்காத ஒன்றைச் சோதிப்பதாகிவிடும். போர்ட் தெறித்துக்கொண்டு போனாலும் போகும்.

மிச்சம் 14 பட்டன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் எழுதி ஒட்டினேன். லேப்டாப்பில் அழுத்த எண்ணை ஓடவிட்டு, ஒரு பட்டனைப் பத்துத் தடவை அழுத்துவது, இரண்டு நிமிடம் காத்திருப்பது, குறிப்பது, அடுத்தது. பெரிய ரிங் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் ரிங். பட்டன் தண்டில் இருப்பது ஒவ்வொரு அழுத்தத்துக்கும் தேய்ந்துகொண்டே வேலை செய்யும் ரிங். நான்கு பட்டன் வரை அமைதி. ஐந்தாவதை அழுத்த ஆரம்பித்ததும் எண் படியேறுவதுபோல ஏறியது. பத்து அழுத்தலுக்கு 2 மில்லிபார். மற்ற ஒன்பதையும் பார்த்துவிட்டுத் திரும்ப ஐந்துக்கு வந்தேன். மறுபடி 2. உறுதிப்படுத்த அதன் வெளித்தலையைச் சுற்றிக் கிரீஸைக் கொட்டி அரை மணி நேரம் விட்டேன்; 4 இருந்த இடத்தில் ஒன்றுக்கும் கீழே. இது வைத்தியம் இல்லை, ஆள் அடையாளம் காட்டியது மட்டும்.

ஐந்து எந்தப் பட்டன் என்று பார்த்தேன். எடுத்த படத்தைத் திரும்பப் பார்க்கும் பட்டன். எடுத்தவுடனே நன்றாக வந்ததா என்று பார்க்கத் துடிக்கும் கை, எனக்கு முன்னால் வைத்திருந்தவருக்கும் இருந்திருக்கும்.

கழற்றுவது கஷ்டமில்லை, ஒன்றைத் தவிர. உள்பக்கம் தண்டைப் பிடித்திருக்கும் இ-கிளிப்பை எடுத்ததும் ஸ்பிரிங் எழும்பிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங்கைக் காந்தமும் சரியாக இழுக்கவில்லை, துடைப்பம்தான் கைகொடுத்தது. இரண்டாவது பட்டன் முதல், வெளிப்படையான பிளாஸ்டிக் பைக்குள் ஹவுசிங்கையும் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு கழற்றினேன்.

தண்டின் மேல் வெள்ளையாக ஒரு படிவு. உப்பு என்று நினைத்து வெந்நீரில் ஊறவைத்தேன். உப்பென்றால் கரைந்திருக்க வேண்டும், கரையவில்லை. வெள்ளை வினிகரில் போட்டதும் பொடிக்குமிழி விட்டுக் கரைந்தது. அது சுண்ணாம்பு. கடல்நீரிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் கெட்டிலின் அடி என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நல்ல பிள்ளையாக ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் நான் ஊறவைத்த பக்கெட்டும் இதற்கு உடந்தை. அந்தச் சொரசொரப்பில் போய்வந்து போய்வந்து ரிங் ஒரு பக்கம் தட்டையாகி, ஓரத்தில் ஒரு பிசிறு வெட்டும் இருந்தது. வினிகர் தண்டுக்கு மட்டும். அலுமினிய உடம்பில் அதை ஊறவிடாதீர்கள்.

பாரிமுனைப் பக்கம் ரப்பர் சாமான் விற்கும் கடையில் பெரியவர் ஒருவர் பழைய ரிங்கை வெர்னியரில் அளந்தார். "உள்விட்டம் மூணு, கனம் ஒண்ணு. நைட்ரைல், 70 ஷோர். எத்தனை வேணும் தம்பி?" 14 என்றேன். "இது வண்டி கார்புரேட்டருக்குப் போறதுதானே, எதுக்கு 14?" ஹவுசிங் கதையைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, 20 எடுத்துக் கொடுத்து, "அச்சுப்பிசிறு இருந்தா போடாதே, வெளிச்சத்துல பார்த்துப் போடு" என்றார். சொன்னது சரிதான், இரண்டில் பிசிறு இருந்தது. இத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே தொழில்முறை ஆலோசனை அதுதான், இலவசமாக.

பதினான்கையும் மாற்ற இரண்டு சாயங்காலம் ஆனது. பிறகு மூடி, பம்பு அடித்து, 800. அரை மணி நேரத்தில் எண் அசையவில்லை. மறுநாள் காலை, சூட்டுக் கணக்கு போக, 1 மில்லிபார்.

இதோடு கேமராவை உள்ளே வைத்துக் குதித்துவிடலாம் என்று தோன்றும். கூடாது. மேசையில் சோதித்தது 0.2 பார், 18 மீட்டரில், உள்ளே குறைத்ததையும் சேர்த்தால், 2 பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஆழத்தில்தான் வாய் திறக்கும். அதனால் முதல் முறை கேமரா இல்லாமல் இறக்கினேன். வெறும் ஹவுசிங் மிதக்கும் என்பதால் கேமரா எடைக்கு ஈயக்கட்டியைத் துணியில் சுற்றி வைத்தேன். அடியில் ஒரு டிஷ்யூ, அதன்மேல் மைப்பேனாவால் நெருக்கமாகக் கோடுகள். ஒரு சிறு துளி பட்டாலும் மை ஊறிப் பரவும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றுகூடக் காட்டிவிடும். கீழே போய் 14 பட்டன்களையும் ஒவ்வொன்றாக, பைத்தியக்காரன்போல, இருபது இருபது தடவை அழுத்தினேன். ஒரு சிங்கமீன் பாறையடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. மேலே வந்து திறந்தபோது கோடுகள் போட்டபடியே கூர்மையாக இருந்தன.

இப்போது என் வழக்கம் இது. முந்தின இரவே, ஏ.சி. ஓடும் அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு மூடுவேன். ஏ.சி. எதற்கென்றால், கடற்கரை ஊரின் ஈரக்காற்றை உள்ளே அடைத்துக்கொண்டு போனால், கண்ணாடி தண்ணீரில் குளிர்ந்ததும் உள்பக்கம் பனி பிடிக்கும். அதை ஒழுக்கு என்று நினைத்து இன்னொரு முறை பதற எனக்கு விருப்பமில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டும் வைப்பேன். காலைவரை பச்சை எரிந்தால் அதோடு சரி, படகில் திறப்பே கிடையாது. பேட்டரி ஒரு நாளைக்குத் தாங்காவிட்டால் படம் குறையட்டும். ஹவுசிங்கோடு குதிப்பதில்லை, இறங்கிய பிறகு அண்ணன் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறேன். அரை மீட்டரில் ஒரு நிமிடம் நிறுத்தி, தலைகீழாகத் திருப்பிக் குமிழி பார்த்துவிட்டுத்தான் கயிற்றைப் பிடிக்கிறேன். ஏறியதும் படகின் பக்கெட்டில் மற்றவர்கள் கேமராவோடு போடாமல் ஈரத்துண்டில் சுற்றி வைக்கிறேன். உப்பு காயாமல் இருந்தால் போதும். காசித்துண்டுதான். மூடியிருக்கும்வரை அதனால் ஆபத்தில்லை. அறையில் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே எல்லாப் பட்டன்களையும் அழுத்தி, கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். வால்வைத் திறக்காமல் இதெல்லாம்.

போன வாரம் அதே பாறைத்திட்டுக்குப் போனோம். ஹவுசிங்கை நீட்டும் முன் அண்ணன் அதைத் திருப்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தார். "பச்சைதான், பிடி." படங்கள் சுமார்தான், தண்ணீர் கலங்கியிருந்தது. அறைக்கு வந்து வால்வைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. நோட்டில் எழுதியது: மொத்த ஏற்றம் 1.5 மில்லிபார். பட்டன் 9, பத்து அழுத்தலுக்கு 0.3. கவனிக்கணும். ரிங் கைவசம் 4.